தாடை எலும்பு முறிவுக்குப் பல் மருத்துவத் துறையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

மருதையாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. சென்ற சனிக்கிழமை மாலை வேலை முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும்போது, வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று சாலையில் பரப்பியிருந்த உளுந்துச் செடியின்மேல் சக்கரம் வழுக்கி, முகம் குப்புற விழுந்துவிட்டான். தலைக்கவசம் அணிந்திருந்தான், ஆனால் அது தலையை மட்டும் மூடும் தொப்பி வகை. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். தலைக்குள் அடி இல்லை என்று சிடி ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கீழ்த்தாடையில் இரண்டு இடங்களில் முறிவு இருக்கிறது. ஒன்று இடப்பக்கக் கோரைப்பல்லுக்குக் கீழே; மற்றொன்று வலப்பக்கக் காதுக்கு முன்னால், தாடை மூட்டில். அடிபட்டது இடப்பக்க மோவாயில். வலப்பக்கக் காதருகே எலும்பு எப்படி உடைந்தது என்பதே எங்களுக்கு விளங்கவில்லை.

பல் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சைத் துறையினர் வந்து பார்த்து, பற்களைச் சுற்றிக் கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள். வீக்கம் வடிந்த பிறகு, வரும் வியாழக்கிழமை முன்பக்க முறிவுக்கு பிளேட் வைப்போம் என்றும், மூட்டு முறிவுக்குத் தனியாகக் கத்தி வைக்காமல் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் இரண்டு வாரம் சேர்த்துக் கட்டி வைப்போம் என்றும் கூறினார்கள். உறவினர்களோ, "எலும்பு உடைந்தால் எலும்பு மருத்துவர்தானே பார்க்க வேண்டும்? பல் மருத்துவர் எப்படி முகத்தில் அறுவை செய்வார்? ஐந்து நாள் காத்திருந்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடாதா?" என்று கேட்டு, உடனே வேறு ஊருக்கு அழைத்துச் செல்லச் சொல்கிறார்கள். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். தம்பிக்குக் கீழுதட்டின் இடப்பக்கம் மரத்துப் போயிருக்கிறது. உணர்ச்சி திரும்புமா என்று தாளில் எழுதிக் காட்டுகிறான். அனுபவம் உள்ளவர்களும் இத்துறையில் இருப்பவர்களும் பதில் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மோவாய்த் தழும்பு (பதில்)

சகோதரிக்கு வணக்கம். நான் அரசு மருத்துவமனை ஒன்றின் முகத்தாடை அறுவை சிகிச்சைத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிகிறேன். உங்கள் தம்பியின் படங்களை நான் பார்க்கவில்லை என்பதால், அவருக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சிகிச்சைத் திட்டம் இத்துறையில் நாள்தோறும் நடப்பதுதான். அதில் அஞ்சத்தக்கது எதுவும் எனக்குத் தென்படவில்லை.

முதலில் அந்த இரண்டாவது முறிவு. கீழ்த்தாடை, குதிரை லாடம் போல வளைந்த ஒரே எலும்பு. அதன் இரு முனைகளும் காதுகளுக்கு முன்னால் மண்டையோட்டுக் குழிகளில் பொருந்தி நிற்கின்றன. மோவாயின் ஒரு பக்கத்தில் விழும் அடி, விழுந்த இடத்தை உடைப்பதோடு நில்லாமல், வளைவின் வழியே ஓடிச் சென்று எதிர்ப்பக்க முனையின் மெலிந்த கழுத்தையும் ஒடித்துவிடுகிறது. இடப்பக்கம் அடி, வலப்பக்க மூட்டில் முறிவு என்பது நாங்கள் மிக அடிக்கடி காணும் சோடி.

பல் மருத்துவர் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். கை எலும்பு கூடும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றாலும் பெரும்பாலும் அந்த மனிதருக்கு அது தெரியப்போவதில்லை. தாடையின் கதை வேறு. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால் பல் உடனே உணர்ந்துவிடுகிறது அல்லவா? அந்த அளவுக்கு நுட்பமான பொருத்தம் மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே இருக்கிறது. எனவே தாடை முறிவில் எலும்பைச் சேர்த்துவிட்டுப் பல்லைப் பார்ப்பதில்லை. முதலில் பற்களை அவற்றின் பழைய கடிக்குக் கொண்டுவந்து கட்டுகிறோம், எலும்பு அதைப் பின்தொடர்ந்து தன் இடத்துக்கு வருகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தும் கடி சேரவில்லை என்றால், அந்தச் சிகிச்சை தோற்றது என்றே எங்கள் துறையில் கொள்வோம். பற்களின் கடியைப் படித்தவர் கையில் இந்த வேலை வந்து சேர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அன்று. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்காகப் பிரான்சில் உழைத்த வாலடியே என்பவர் பல் மருத்துவர். அவருடைய வேலையை அருகிலிருந்து பார்த்தே, காது மூக்குத் தொண்டை மருத்துவரான ஹெரால்ட் கில்லீஸ் முகச் சீரமைப்புக்குள் வந்தார். இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917-இல் தொடங்கிய மருத்துவமனையில் அறுவை மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று வேலை செய்தார்கள். நம் ஊரில் இத்துறைக்கு வருபவர், பயிற்சிக்காலம் உட்பட ஐந்தாண்டுப் பல் மருத்துவப் படிப்புக்குப் பிறகு, முகத்தாடை அறுவைக்கென்றே மூன்றாண்டு மேற்படிப்பு முடித்தவர். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்குகிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை பரவியபோது, அழுகிய மேல்தாடை எலும்பை அகற்றி உயிர் காத்ததிலும் இத்துறையினருக்குப் பெரும் பங்கு உண்டு. பிளவுபட்ட உதடும் அண்ணமும், வாய்ப் புற்றுநோய், சொத்தைப் பல்லிலிருந்து கழுத்துக்குப் பரவும் சீழ், தாடைக் கட்டிகள் என்று இத்துறையின் எல்லை விரியும். நம் பேச்சுக்கு அவை வேண்டாம்.

ஐந்து நாள் காத்திருப்பு குறித்து. மூச்சு தடைபடுவது, இரத்தப்போக்கு நிற்காமல் இருப்பது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, உறக்கம் கலையாமல் மயங்கிக் கிடப்பது, இவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை இல்லாத கீழ்த்தாடை முறிவு சில நாட்கள் காத்திருக்கலாம். இப்போது பற்களில் கட்டியிருக்கும் ஆர்ச் பார் என்ற வளைவுக் கம்பி, உடைந்த துண்டுகள் உரசி அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. பல் இருக்கும் இடத்தில் உண்டான முறிவு வாய்க்குள் திறந்திருக்கும் என்பதால்தான் நோய்த்தொற்றைத் தடுக்கும் ஊசியும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் கொடுக்கிறார்கள். வீக்கம் வடிந்தால் எங்களுக்கும் எலும்பு நன்றாகக் கண்ணுக்குப் படும். ஐந்து நாளில் எலும்பு கோணலாகக் கூடிவிடாது. பெரியவர்களுக்கு அது இறுகவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அறுவை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் அம்மாவின் அச்சம் சற்றுக் குறையலாம். மயக்க மருத்துவர் மூச்சுக்குழாயை வாய் வழியாக வைக்காமல் மூக்கு வழியாக வைப்பார். அறுவையின்போது பற்களைக் கடித்த நிலையில் வைக்க வேண்டும் என்பதே காரணம். கீறல் பெரும்பாலும் கீழுதட்டின் உட்புறத்தில்தான். வெளியே தழும்பு தெரியாது. பற்களைச் சேர்த்துக் கட்டிய பின், டைட்டேனியத்தால் ஆன மெல்லிய பிளேட்டை எலும்பின் வளைவுக்கேற்ப வளைத்து, 6 அல்லது 8 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு திருகாணிகளால் முடுக்குவோம். இந்த இடத்தில் வழக்கமாக ஒன்றுக்கு இரண்டு பிளேட் வைப்போம். கடிக்கும்போது தாடையின் மேல்விளிம்பு பிளந்து விலகப் பார்க்கிறது, கீழ்விளிம்பு நெருங்குகிறது. மோவாய்ப் பகுதியில் இவற்றோடு துணி பிழிவது போன்ற முறுக்கும் சேர்கிறது. எந்த இடத்தில் எத்தனை பிளேட் என்பதை 1970-களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஷாம்பி என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்துக் கொடுத்தார்கள். இன்றும் அதையே பின்பற்றுகிறோம். கடைசித் திருகாணி ஏறியதும் சேர்த்துக் கட்டிய கம்பிகளை அவிழ்த்துவிட்டு, தாடையைக் கையில் பிடித்துத் திறந்து மெல்ல மூடிப் பார்ப்போம். பற்கள் வழுக்காமல் ஒரே நேரத்தில் வந்து பொருந்தினால் தையலுக்குப் போவோம். ஒரு கடைவாய்ப்பல் மட்டும் முந்திக்கொண்டு தட்டினால், திருகாணிகளைக் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம். நானும் கழற்றியிருக்கிறேன்.

உதடு மரத்திருப்பதற்குக் காரணம், கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு நரம்பு ஓடி, முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகே வெளியே வந்து உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது. முறிவில் அது இழுபட்டிருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்புகிறது. சிலருக்கு ஓராண்டு வரை ஆகும். சிலருக்குச் சிறிதளவு மரப்பு நின்றுவிடுவதும் உண்டு. எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்புத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி. அதுவரை கஞ்சியைக் கையில் விட்டுச் சூடு பார்த்த பிறகே கொடுங்கள். உதடு வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

மூட்டு முறிவைப் பற்றி எழுதாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மூட்டை நெடுநாள் அசையாமல் கட்டி வைத்தால் அது இறுகிப் போகும். அதனால்தான் இரண்டு வாரத்தில் அவிழ்த்து, ரப்பர் வளையம் மாட்டி, வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்குவார்கள். வலிக்கிறது என்று பயிற்சியை விட்டுவிடக் கூடாது. குழந்தைகளிடம் இந்த ஆபத்து பன்மடங்கு. படியிலிருந்து விழுந்து மோவாய் கிழிந்த மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு எங்கோ மூன்று தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். காதருகே யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஏழு ஆண்டு கழித்து அந்தக் குழந்தை என்னிடம் வந்தபோது, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளிதான் இருந்தது. மூட்டெலும்பு மண்டையோட்டோடு ஒட்டிப் போய், கீழ்த்தாடை வளராமல் நின்றிருந்தது. இட்டிலியைக் கரைத்துப் பல்லிடுக்கு வழியே உறிஞ்சியே அவள் வளர்ந்திருக்கிறாள். மோவாயில் காயத்தோடு வரும் எந்தக் குழந்தைக்கும் காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள் என்று பயிற்சி மருத்துவர்களிடம் அன்று முதல் இடைவிடாமல் சொல்லி வருகிறேன். இதைப் படிக்கும் பெற்றோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தொப்பி வகைத் தலைக்கவசம் மண்டையைக் காத்திருக்கிறது. ஆனால் மோவாயை மூடும் முழுக்கவசம்தான் தாடையையும் காக்கும். தம்பி மறுபடி வண்டி எடுக்குமுன் அதை வாங்கிக் கொடுங்கள்.

ஆறுவாரக் கஞ்சி (பதில்)

மருத்துவர் ஐயா விரிவாக எழுதிவிட்டார். நான் நோயாளியாக இருந்து அறிந்ததை மட்டும் எழுதுகிறேன். எனக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் கீழ்த்தாடை முறிந்து, நான்கு வாரம் இரு தாடைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்த பிறகும் இரண்டு வாரம் நீராகாரம்தான்.

பல் மூடியிருந்தாலும் உணவு உள்ளே போகும். கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் கன்னத்தை ஒட்டி ஓர் இடுக்கு இருக்கிறது. பெரிய சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, கன்னத்துக்குள் விட்டு அந்த இடம் வரை நகர்த்தி, மெதுவாக அழுத்தினால் தானாகவே தொண்டைக்கு இறங்கிவிடும். முதல் நாள் பாதி சட்டையில்தான் வழிந்தது. மூன்றாம் நாள் கை பழகிவிட்டது. கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டி மோர் கலந்தும், சத்துமாவுக் கஞ்சியும், நெய் விட்ட பருப்புத் தண்ணீரும், எலும்புச் சாறும், பாலில் அடித்த முட்டையும் என்று இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை என் அக்கா கொடுத்தார். வடிகட்டாமல் கொடுத்துவிடாதீர்கள், ஒரு கடுகுத் தோல் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு வேளைக் கஞ்சியையே வீணாக்கிவிடும். அவ்வளவு கவனித்தும் எனக்கு ஏழு கிலோ குறைந்தது. பசி வயிற்றைவிட வாயில்தான் அதிகம் தெரிந்தது. எதையாவது மென்றால் போதும் என்று இருக்கும்.

கம்பியின் முனைகள் உதட்டின் உட்புறத்தைக் கிழிக்கும். பல் சீரமைப்புக் கம்பி போட்டவர்களுக்குக் கொடுக்கும் மெழுகு மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதைச் சிறு உருண்டையாக்கி முனையின்மேல் ஒட்டிக்கொண்டேன். குழந்தைகளுக்கான சிறிய பல்துலக்கியால் கம்பியின் வெளிப்புறத்தை ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் தேய்க்க வேண்டும். சோம்பல்பட்ட இரண்டே நாளில் ஈறு வீங்கி நாற்றம் வந்துவிட்டது.

கட்டை அவிழ்த்த அன்று வாய் தானாகத் திறந்துவிடும் என்று எண்ணியிருந்தேன்; ஒரு விரல்கூட நுழையவில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு இடையே வைக்கச் சொன்னார்கள். முதல் நாள் ஐந்து குச்சி. இரண்டு நாளுக்கு ஒரு குச்சி கூட்டினேன். என்னுடைய மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிந்த நாளில்தான் பயிற்சியைக் குறைக்கச் சொன்னார்கள். தம்பியை இன்றே குச்சி சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இரவுப்பணிச் செவிலி (பதில்)

சகோதரிக்கு வணக்கம். முகத்தாடை வார்டில் பணிபுரியும் செவிலி என்ற முறையில், உடனிருப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். தாடையைச் சேர்த்துக் கட்டியவரின் படுக்கைத் தலைமாட்டில் கம்பி வெட்டும் கட்டர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்போம். அது அங்கேயே இருக்க வேண்டும். யாரும் எடுத்து அலமாரியில் வைத்துவிடக் கூடாது. எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்பதை அறுவைக்கு மறுநாள் காலையே மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் கேட்டு, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகச் சென்று இரு தாடைகளையும் பிணைக்கும் கம்பிகளை மட்டுமே வெட்ட வேண்டும். பல்லைச் சுற்றியிருப்பவற்றைத் தொடக் கூடாது.

வாந்தி வந்தால் பதறி உடனே கட்டரை எடுக்க வேண்டாம். முதலில் எழுப்பி உட்காரவைத்து முன்னோக்கிக் குனியச் செய்யுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நீராகாரம்தான் உண்டிருப்பார் என்பதால் பல்லிடுக்கு வழியாகவும் மூக்கு வழியாகவும் பெரும்பாலும் வெளியேறிவிடும். நாங்கள் உறிஞ்சுகுழாயோடு வந்துவிடுவோம். மூச்சுத் திணறி முகம் கறுக்கும்போதுதான் கம்பியை வெட்டுவது. வீட்டுக்கு அனுப்பும்போது கட்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்தில் வந்தாலும் அது கைப்பையிலேயே இருக்கட்டும். மாத்திரைகளை நீங்களாகப் பொடித்துக் கரைக்காமல், திரவ மருந்தாக எழுதித் தரச் சொல்லுங்கள்; பொடிக்கக் கூடாத மாத்திரைகளும் உண்டு.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் ஏற்கிறது. அதன்பின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் வார்டில் காட்டுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியையும் எக்ஸ்ரே படங்களையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் எந்தக் கோரிக்கைக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.

மருதையாற்றங்கரை (கேள்வி கேட்டவர்)

பதில் எழுதிய மூவருக்கும் என் குடும்பத்தின் சார்பில் நன்றி. ஐயா எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். சோற்றில் அகப்படும் கல்லைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அப்படியானால் பல் டாக்டரே பார்க்கட்டும்" என்றார். இடம் மாற்றவில்லை. நேற்று காலை அறுவை முடிந்தது. இரண்டு பிளேட் வைத்திருக்கிறார்கள். கண் விழித்ததும் தம்பி எழுதிய முதல் வரி, "பல் பழையபடி பொருந்துகிறது" என்பதுதான். கட்டர் தலைமாட்டில் இருக்கிறது. எந்த நான்கு கம்பிகளை வெட்ட வேண்டும் என்று செவிலியர் தொட்டுக் காட்டினார். உதடு இன்னும் மரத்தே இருக்கிறது. இந்த பிளேட்டுகளைப் பிறகு எடுக்க வேண்டியிருக்குமா என்பதையும், கட்டை அவிழ்த்தபின் குச்சிப் பயிற்சியை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதையும் ஐயா தெரிவித்தால் நலம்.

மோவாய்த் தழும்பு (பதில்)

மகிழ்ச்சி, சகோதரி. டைட்டேனியம் பிளேட்டை வழக்கமாக எடுப்பதில்லை. சீழ் பிடித்தாலோ, திருகாணி தளர்ந்தாலோ, தொட்டால் உறுத்தினாலோ மட்டும் எடுப்போம். பயிற்சியின் அளவை அவருடைய மூட்டைப் பார்த்து அவர்கள் குறித்துத் தருவார்கள். நான் என் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் என்று சொல்வது வழக்கம். கண்ணாடி முன் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். திறக்கும்போது மோவாய் வலப்பக்கம் கோணினால், விரலால் நடுவுக்குக் கொண்டுவந்து திறக்க வேண்டும். குச்சி எண்ணிக்கையைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் கொண்டுபோகட்டும்.